கறுப்புக் கண்ணாடிக்கு எதிராக

கார்க் கண்ணாடியில் பல ஆண்டுகளுக்கு முன் ஒட்டிய கறுப்புத் தாளை வீட்டு வாசலிலேயே உரித்தெடுப்பது பற்றி எழுதப்போகிறோம். நாவலும் கவிதையும் மொழிபெயர்ப்புமாக எழுதிக்கொண்டிருந்தவர்கள் மெக்கானிக் கடைப் பக்கம் ஒதுங்கிவிட்டார்களே என்று முகம் சுளிக்கும் நண்பர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். மகிழுந்து என்று எழுதாமல் கார் என்று எழுதுவதற்கும் சேர்த்தே மன்னிக்க வேண்டும். வெறும் செய்முறைக் குறிப்பு என்றால் எழுதியிருக்க மாட்டோம். இதில் ஒரு வழக்கு இருக்கிறது. அந்த வழக்கின் எதிர்த்தரப்பில் நிற்பவர்களில் நாங்களும் உண்டு. எட்டு மாத காலம் அந்தத் தாளுக்குப் பின்னால் உட்கார்ந்து ஊர் சுற்றியவர்கள்தாம் நாங்கள்.

சன் ஃபிலிம், கறுப்பு ஸ்டிக்கர், கூலிங் பேப்பர் என்று அதற்கு ஆளுக்கொரு பெயர். இவற்றுள் பெரிய பொய் கடைசிப் பெயர். அதற்குப் பிறகு வருவோம்.

முதலில் கார். இலக்கியக் கூட்டங்களுக்குப் புத்தக மூட்டைகளைச் சுமந்து பேருந்து பேருந்தாக ஏறி இறங்கிச் சலித்துப்போய், நாங்கள் நால்வர் பணம் போட்டுப் பழைய சாண்ட்ரோ ஒன்றை வாங்கினோம். முன்பு வைத்திருந்தவர் ஓர் ஒப்பந்தக்காரர். நான்கு கதவுக் கண்ணாடிகளிலும் பின் கண்ணாடியிலும் அவர் ஒட்டிவைத்திருந்த தாள் கறுப்பு மங்கி ஊதாவாகி, அம்மை போட்டதுபோல் கொப்புளித்துக் கிடந்தது. வண்டியின் கையுறைப் பெட்டிக்குள் மூன்று அபராத ரசீதுகள். மூன்றும் இந்தத் தாளுக்காகவே கட்டப்பட்டவை. மூன்று முறை பணம் வாங்கிக்கொண்டவர்களில் ஒருவர்கூடத் தாளைத் தொடவில்லை. எந்த ஊர்ச் சோதனைச் சாவடி என்று எழுதப்போவதில்லை. தமிழ்நாட்டில் வண்டி ஓட்டுகிற எவரும் தங்கள் ஊர்ப் பெயரைப் போட்டு நிரப்பிக்கொள்ளலாம்.

கார் வந்து நின்ற இடம் அம்மையார்குப்பம். திருத்தணியிலிருந்து மேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டிய நெசவு ஊர். வீட்டுக்கு வீடு தறிச்சத்தம். ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக, சித்தூர் மாவட்டத்தோடு கிடந்த திருத்தணி வட்டாரம் 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. கோடு வரைந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்தச் சாலைகளில் இரண்டு மாநில எண் பலகைகளும் இரண்டு மொழிகளும் கலந்தே ஓடுகின்றன. எல்லையோரச் சாலை என்பதால் இன்னொன்றும் உண்டு: யாருடைய கார் என்று தெரியாத கார்கள் இங்கே அதிகம்.

அப்படியொரு காராகத்தான் எங்கள் காரும் ஊருக்குள் நுழைந்தது. தறிக்காரர் தெரு ஒன்றில் வாசகர் ஒருவரைப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு அழைக்கப் போயிருந்தோம். காரை மெல்ல உருட்டிக்கொண்டு வீட்டைத் தேடுகையில், திண்ணையில் இருந்தவர்கள் எழுந்து உள்ளே போனார்கள். ஒரு வீட்டில் கதவு சாத்தப்பட்டது. தறிகூட ஒன்றிரண்டு நின்றதுபோல் எங்களுக்குப் பட்டது. வெயிலுக்கு உள்ளே போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டோம். கண்ணாடியை இறக்கிப் பெயர் சொல்லி விசாரித்த பிறகுதான், சாத்திய கதவைத் திறந்துகொண்டு ஓர் ஆயா வெளியே வந்தார். பல நாள் கழித்துப் பழக்கமான பின் சிரித்துக்கொண்டே அவர் சொன்னது இது: “வட்டிக்காரன் வண்டின்னு நெனச்சுக்கினோம் தம்பி. உள்ள யாரு குந்திக்கினு இருக்காங்கன்னே தெரியலியே!”

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்தக் கட்டுரை.

கந்துவட்டியைத் தடுக்க 2003ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. ஆனால் நூலுக்கும் கூலிக்கும் இடையில் கடனில் வாழும் ஒரு தெருவுக்குக் கறுப்புக் கண்ணாடி என்றால் என்ன பொருள் என்பது எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. உள்ளே இருப்பவன் தன்னைப் பார்க்கிறான், தன்னால் அவனைப் பார்க்க முடியாது. வந்தவன் வட்டிக்காரனா, கட்சிக்காரனா, நிலத் தரகனா, மஃப்டி போலீஸா என்று தெரியாது. தெரியாதபோது எல்லாரிலும் மோசமானவனை எண்ணிக்கொள்வதே ஏழைக்குப் பாதுகாப்பு. புத்தகம் சுமந்துவந்த நாங்கள் அன்று அந்தத் தெருவில் வட்டிக்காரர்களாக இருந்தோம். இருக்கவில்லை, அப்படித் தோன்றினோம் என்று யாரும் சமாதானம் சொல்ல வேண்டாம். கதவு சாத்தப்பட்டது உண்மை.

*

இங்கே நம் இலக்கிய நண்பர்களோடு ஒரு கணக்கு இருக்கிறது. அதைத் தீர்த்துவிட்டுப் போவோம்.

பெந்தாமின் சிறைச்சாலைத் திட்டத்தை நம்மில் பலர் அறிவோம். 1791இல் அவர் அச்சிட்ட அந்தத் திட்டத்தில், வட்டமான கட்டடத்தின் நடுவே கண்காணிப்பாளரின் அறை, சுற்றிலும் கைதிகளின் அறைகள். கண்காணிப்பாளர் எல்லாரையும் பார்க்கலாம். அவர் உள்ளே இருக்கிறாரா இல்லையா என்பது கைதிக்குத் தெரியக் கூடாது. அதற்காக நடு அறையின் சன்னல்களுக்குத் தட்டி மறைப்புப் போடச் சொன்னவர் பெந்தாம். ஃபூக்கோ 1975இல் இதை எடுத்து விரித்த பிறகு உலகம் முழுக்க அது நவீன அதிகாரத்தின் படமாயிற்று. நம் சிற்றிதழ்களும் அதைப் பக்கம் பக்கமாக எழுதின. பார்க்கப்படாமல் பார்ப்பதுதான் அதிகாரம் என்று மேடை மேடையாகச் சொன்னோம். சொல்லி முடித்து, கைதட்டல் வாங்கி, வெளியே வந்து, கறுப்புக் கண்ணாடி போட்ட காரில் ஏறிப் போனோம். பெந்தாமுக்குத் தட்டி மறைப்பு; நமக்கு ஸ்டிக்கர் கடை. இந்த முரண் எங்கள் கண்ணுக்குப் பட எட்டு மாதமும் ஓர் ஆயாவும் தேவைப்பட்டதை ஒப்புக்கொள்கிறோம்.

ஆயாவோடு நிற்கவில்லை. ஆடிக் கிருத்திகை இரவு ஒன்றும் தேவைப்பட்டது. திருத்தணிக்கு அந்நாட்களில் காவடியோடு நடந்து வருபவர்களை இவ்வட்டாரம் அறியும். எல்லைக்கு அப்பாலிருந்தும் இப்பாலிருந்தும் மஞ்சள் உடுத்திய கூட்டம் இரவெல்லாம் சாலையோரம் நகர்ந்துகொண்டிருக்கும். அன்று கூட்டம் ஒன்று முடிந்து திரும்பினோம். கிளைச் சாலையிலிருந்து பெரிய சாலைக்கு இடப்பக்கம் திரும்ப வேண்டிய இடம். வண்டியின் முன்விளக்கு நேரே உள்ளதைக் காட்டும். திரும்பப் போகிற பக்கத்தைக் காட்டாது. அங்கே ஓட்டுபவரின் கண்தான் விளக்கு. அந்தக் கண்ணுக்கும் சாலைக்கும் நடுவே ஊதா நிறக் கொப்புளங்கள். எதிர் வண்டிகளின் வெளிச்சம் அவற்றில் பட்டுக் கண்ணாடி முழுக்கப் புகைபோல் பரவியது. காலி என்று எண்ணி நண்பர் வண்டியை நகர்த்தினார். முன்னிருக்கையில் இடப்பக்கம் இருந்தவர் காற்றுக்காகக் கண்ணாடியை இறக்கியிருந்தது எங்கள் நல்லூழ். அவர் போட்ட கூச்சலில் வண்டி நின்றது. இரண்டடி தள்ளி, தோளில் காவடியோடு ஒருவர். அவர் விரலைப் பிடித்தபடி ஒரு சிறுமி. அவர் எங்களைத் திட்டக்கூட இல்லை. யாரைத் திட்டுவது என்று அவருக்குத் தெரிந்திருக்காது. காருக்கு முகமில்லை.

கண்ணாடியை இறக்கியதால் தப்பித்தோம் என்றால், ஏற்றியிருந்த எட்டு மாதமும் என்ன செய்துகொண்டிருந்தோம்? மறுநாள் காலை தாளை உரிப்பது என்று முடிவாயிற்று.

*

சட்டம் என்ன சொல்கிறது என்பதைத் திண்ணைப் பேச்சில் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். சுருக்கமாக இங்கே வைக்கிறோம்.

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100ஆம் விதி, முன் கண்ணாடியும் பின் கண்ணாடியும் தம்மேல் படும் ஒளியில் குறைந்தது 70 விழுக்காட்டையும், பக்கக் கண்ணாடிகள் குறைந்தது 50 விழுக்காட்டையும் உள்ளே விட வேண்டும் என்கிறது. இந்த விதி ஏட்டில் மட்டும் இருந்தது. அவிஷேக் கோயங்கா எதிர் இந்திய ஒன்றியம் என்ற பொதுநல வழக்கில் 2012 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு படி மேலே போயிற்று. தொழிற்சாலையில் கண்ணாடியை எந்த அளவுக்குச் சாயமேற்றித் தருகிறார்களோ அதோடு சரி. அதன்மேல் எந்த அளவு ஒளியைக் கடத்தும் தாளையும் வாங்கி ஒட்டக் கூடாது என்றது. கண்ணாடி அந்நிலையிலேயே பேணப்பட வேண்டும் என்று விதியில் உள்ள சொல்லை நீதிமன்றம் இறுகப் பிடித்துக்கொண்டது. 2012 மே 4 முதல் இது நடைமுறைக்கு வந்தது. மீறியவரிடம் அபராதம் வாங்குவதோடு தாளை அங்கேயே அகற்றவும் வேண்டும் என்பது உத்தரவு. தீர்ப்பை மாற்றக் கேட்ட மனுக்களை அதே ஆண்டு ஆகஸ்டு 3 அன்று நீதிமன்றம் ஏற்க மறுத்தது.

எங்கள் கையுறைப் பெட்டியிலிருந்த மூன்று ரசீதுகளையும் இந்த உத்தரவின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ‘அகற்று’ என்ற பாதி காற்றில் போய், ‘வாங்கு’ என்ற பாதி மட்டும் நிலைத்திருக்கிறது. பொதுத் தண்டப் பிரிவின்படி முன்பு முதல் குற்றத்துக்கு 100 ரூபாய். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அது 500 ரூபாய் ஆனது. ஒப்பந்தக்காரருக்கு இது தண்டனையா? கறுப்புக்கான வாடகை, அவ்வளவே.

அந்த 2012ஆம் ஆண்டு முடிவதற்குள் தில்லியில் நடந்ததை நாடறியும். டிசம்பர் 16 இரவு ஓர் இளம்பெண்ணையும் அவர் நண்பரையும் ஏற்றிக்கொண்டு நகரச் சாலைகளில் சுற்றிய பேருந்தின் சன்னல்களில் கறுப்புத் தாளும் திரையும் இருந்தன. தீர்ப்பு வந்து ஏழு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. வெளியே ஆள் நடமாட்டமுள்ள சாலை. உள்ளே நடந்தது யார் கண்ணுக்கும் படவில்லை.

*

இனி எதிர்வாதங்கள். நண்பர்களோடு வாய்ச்சண்டை போட்டுப் போட்டு எங்களுக்கு மனப்பாடமானவை.

முதலாவது, வெயில். திருத்தணி வட்டாரத்துக் கத்திரி வெயிலை எங்களுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. பாறைக் குன்றுகள் பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவில் திருப்பித் தரும் ஊர் இது. ஆனால் இருட்டு வேறு, குளிர்ச்சி வேறு. சூரியனிலிருந்து வரும் ஆற்றலில் ஏறக்குறையப் பாதி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். மலிவான சாயத் தாள் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தைத்தான் முதன்மையாக விழுங்குகிறது. விழுங்கியதும் வெப்பமாகிக் கண்ணாடியில் ஏறி, ஒரு பங்கு உள்ளேயே இறங்குகிறது. கண்ணுக்கு இதமாக இருப்பதை உடம்புக்குக் குளிர்ச்சி என்று நம்பிவிடுகிறோம். அகச்சிவப்பைத் தடுத்து வெளிச்சத்தை விடும் தெளிந்த தாள்களும் சந்தையில் உண்டு. வெயில் மட்டுமே கவலை என்றால் வாங்குபவர்கள் அவற்றையல்லவா கேட்டிருக்க வேண்டும்? கடையில் போய் நின்று பாருங்கள். “உள்ள இருக்கறது தெரியக் கூடாது” என்பதுதான் முதல் கேள்வியும் கடைசிக் கேள்வியும். நிறுத்திய காரைச் சுடவைக்கும் வெயில் பெரும்பாலும் முன் கண்ணாடி வழியாகத்தான் நுழைகிறது. அதற்கு மருந்து ஒரு புங்க மரம்.

இரண்டாவது, பெண்கள். “குடும்பத்தோடு போகிறோம், கண்டவன் பார்வை படுகிறது” என்கிறார்கள். பார்வை படாத இடம் பெண்ணுக்குப் பாதுகாப்பான இடம் என்பதைத் தில்லிப் பேருந்துக்குப் பிறகும் சொல்ல எப்படி வாய் வருகிறது? வெளியிலிருந்து கூர்ந்து பார்ப்பவன் அருவருப்பானவன், ஐயமில்லை. ஆனால் உதவிக்கு வரக்கூடியவனும் வெளியில்தான் இருக்கிறான். குழந்தைக்குப் பால் கொடுக்க வேண்டுமென்றால் வண்டியை ஓரங்கட்டிச் சேலை ஒன்றை மறைப்பாகப் பிடிக்கலாம். வேலை முடிந்ததும் சேலையை எடுத்துவிடலாம். தாள் அப்படி எடுபடுவதில்லை. வீட்டுப் பெண்ணுக்கு என்று ஒட்டியது, வண்டியை இரவல் வாங்கிப்போகிறவனுக்கும் மறைப்பாகிறது.

மூன்றாவது, பெரிய மனிதர்கள். “அவர்கள் உரிக்கட்டும், பிறகு நாங்கள் உரிக்கிறோம்.” இந்த வாதத்தின் முதல் பாதியில் எங்களுக்கும் கோபம் உண்டு. தீர்ப்பின்படி இசட், இசட் பிளஸ் பாதுகாப்பு உள்ளவர்களுக்கு மட்டும், அதுவும் உள்துறைச் செயலரும் காவல்துறைத் தலைமையும் அடங்கிய குழு ஆய்ந்து விலக்கு அளிக்கலாம். ஒரு மாவட்டத் தலைநகரில் கட்சிக் கூட்டம் நடக்கும் நாளில் வரிசையாக நிற்கும் கறுப்புக் கண்ணாடிகளை எண்ணிப் பாருங்கள். இந்த நாட்டில் இத்தனை பேருக்கு உயிராபத்து இருக்கிறதென்றால் நாம் உள்நாட்டுப் போரில் இருக்க வேண்டும். சாலையோரத்தில் வாடகைக் கார் ஓட்டுநரை நிறுத்திப் பிளேடால் கிழிக்கிற கை, கொடி கட்டிய காரின் முன் சல்யூட் அடிக்கிறது என்பதும் உண்மை. ஆனால் வாதத்தின் இரண்டாம் பாதியை ஏற்க மாட்டோம். ‘அவன் செய்கிறான்’ என்பதில் உள்ள கோபம் நியாயத்துக்கான கோபமா, அவனைப் போல் நம்மால் ஆக முடியவில்லை என்ற ஏக்கமா? கறுப்புத் தாள் கடையில் கூட்டம் நிற்பது ஏக்கத்தால். சில நூறு ரூபாய்க்கு வாங்கக் கூடிய அதிகாரத்தின் சாயல் அது.

நான்காவது, புதிய சட்டநிலை. இது மற்ற மூன்றையும்விட வலுவானது. 2021 ஏப்ரல் முதல் திருத்தப்பட்ட 100ஆம் விதியில், உட்புறம் பிளாஸ்டிக் பூச்சுள்ள பாதுகாப்புக் கண்ணாடிக்கும் இடம் தரப்பட்டது. அதை வைத்துக் கேரள உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில், 70, 50 என்ற அளவுகள் மீறப்படாதவரை தாள் ஒட்டிய வண்டிக்குத் தண்டம் போட முடியாது என்று சொல்லியது. உடனே கடைக்காரர்கள் “கோர்ட்டே ஓகே சொல்லிருச்சு” என்று தொடங்கிவிட்டார்கள். கணக்கு மட்டும் போடுவதில்லை. தொழிற்சாலைக் கண்ணாடியே முழு ஒளியை விடுவதில்லை. அது 70 விழுக்காட்டை விடுவதாகக் கொள்வோம். அதன்மேல் ‘ஐம்பது விழுக்காடு, சட்டப்படி சரி’ என்று விற்கப்படும் தாளை ஒட்டினால் மிஞ்சுவது எழுபதில் பாதி, அதாவது 35. பக்கக் கண்ணாடிக்கு வேண்டிய ஐம்பதுக்குக் கீழே. கடைகளில் ஓடும் 20, 5 விழுக்காட்டுத் தாள்களைப் பற்றிப் பேசவே வேண்டாம். கேரளத் தீர்ப்பு இருட்டுக்கு உரிமம் தரவில்லை. கிட்டத்தட்டக் கண்ணாடி போலவே தெளிந்த தாளுக்குத்தான் இடம் தந்திருக்கிறது.

பிரிட்டனைக் காட்டுபவர்களும் உண்டு. அங்கே முன் கண்ணாடி 75, ஓட்டுநருக்கு இருபுறமும் உள்ள கண்ணாடி 70 விழுக்காடு விட வேண்டும், பின்னிருக்கைக்கு வரம்பில்லை. பின்னிருக்கையை மட்டும் எடுத்துக் காட்டுகிறார்கள். ஓட்டுநரின் பக்கம் நம் விதியைவிட அங்கே கண்டிப்பு. சாலையைக் கடக்கிறவனும் வண்டி ஓட்டுகிறவனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து ‘நீ போ, நான் நிற்கிறேன்’ என்று கண்ணால் பேசிக்கொள்வதில்தான் தெரு இயங்குகிறது. சிக்னல் விளக்கே இல்லாத அம்மையார்குப்பத்துச் சந்திகளில் இந்தக் கண்ஜாடை ஒன்றுதான் போக்குவரத்துச் சட்டம்.

*

இனி உரித்தல்.

காவல்துறை உரித்தால் எப்படி இருக்கும் என்பதைச் சாலைகளில் பார்த்திருப்பீர்கள். ஓர் ஓரத்தில் பிளேடை வைத்து ஒரே இழுப்பு. தாள் நாராக வரும். பசை அப்படியே கண்ணாடியில் நிற்கும். அந்தப் பசையில் புழுதி ஒட்டி, இரவில் எதிர் விளக்கு பட்டால் தாள் இருந்ததைவிடக் கண்மறைக்கும். பிடிபட்ட பின் பணிகிறவனுக்குக் கிடைப்பது இதுதான். ஆகவே வீட்டில், சொந்தக் கையால், ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை.

தாள் என்பது மெல்லிய பாலியெஸ்டர் படலம். அதன் ஒரு முகத்தில் அக்ரிலிக் பசை. கறுப்பு என்று நாம் சொல்வது பல சாயங்களின் கூட்டு. வெயிலில் எல்லாச் சாயமும் ஒரே வேகத்தில் வெளுப்பதில்லை. கடைசியில் தாக்குப்பிடிப்பது ஊதா. வேடிக்கை பார்க்க வந்த தறிக்காரர் ஒருவர் ஒரு துண்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “மட்டச் சாயம்” என்று ஒரே சொல்லில் தீர்ப்பு எழுதினார்.

காலை ஒன்பது மணிக்குக் காரை நல்ல வெயிலில் நிறுத்தினோம். கதவுக் கண்ணாடியை இரண்டு விரல் இறக்கினால் தாளின் மேல் விளிம்பு வெளியே வரும். அங்கேதான் தொடங்க வேண்டும். தலைமுடி உலர்த்தும் கருவியால் அந்த மூலையைக் கை பொறுக்கும் சூடு தாண்டும்வரை சூடாக்கி, நகத்தால் நெருடி எழுப்பினோம். எழுந்த விளிம்பைப் பின்னோக்கி மடித்து, சூடு முன்னே போக, கை பின்னே போக, மெதுவாக இழுக்க வேண்டும். எங்களுள் அவசரக்காரர் ஒருவர் முதல் கதவில் வேகமாக இழுத்தார். படலம் இரண்டாகப் பிளந்து மேல் ஏடு மட்டும் கையோடு வந்தது. சாயமும் பசையும் கண்ணாடியிலேயே நின்றன. பெட்ரோலை ஊற்றித் துடைத்தால் போய்விடும் என்று அவரே யோசனையும் சொன்னார். வெயிலில் சுடும் வண்டிக்குள், மின்கருவி ஓடுகையில், பெட்ரோல்! அவரிடமிருந்து கருவியைப் பிடுங்கிக்கொண்டோம்.

அப்போதுதான் ஆயா தலையிட்டார். நூலுக்குக் கஞ்சி போட்ட கை அது. “ஒட்டனத இழுக்கக் கூடாது தம்பி, ஊறப்போடணும்” என்றார். அதுதான் சரியான வழி. முடிவெட்டும் கடையில் தண்ணீர் பீய்ச்சுவார்களே, அந்தப் புட்டியில் பாத்திரம் கழுவும் சோப்புக் கரைசலை நிரப்பிப் பசை மேல் அடித்தோம். அதன்மேல் பழைய செய்தித்தாளை ஒட்டி, காயக் காயத் தெளித்து அரைமணி நேரம் விட்டோம். எங்கள் சிற்றிதழின் விற்காத பிரதிகளை இதற்குப் பயன்படுத்தலாம் என்று ஒருவர் சொன்னார். தாள் தரமானது, தண்ணீரை உறிஞ்சாது என்று காரணம் காட்டி மறுத்தோம். ஊறிய பசையை, காலாவதியான ஏடிஎம் அட்டையைச் சாய்த்துப் பிடித்து வழித்தால் தயிர் ஏடுபோல் திரண்டு வருகிறது. வராத இடத்தில் மட்டும், கதவுக் கண்ணாடியை நன்றாக நனைத்துப் பிளேடைப் படுக்கவைத்துச் சுரண்டலாம். உலர்ந்த கண்ணாடியில் பிளேடு பட்டால், இடையில் சிக்கும் மணல் கோடு போட்டுவிடும்.

பின் கண்ணாடிக்கு வேறு விதி. எங்களது சற்று வசதியான வகை வண்டி என்பதால் பின் கண்ணாடியின் உட்புறத்தில் பனியை நீக்கும் மெல்லிய மின்கோடுகள் ஓடுகின்றன. தாள் ஒட்டப்பட்டிருந்தது அந்தக் கோடுகளின் மேலேயே. அங்கே பிளேடை நினைக்கவே கூடாது. ஒரு கோடு அறுந்தால் அந்த வரி செத்தது. அம்மோனியாக் கரைசலைத் தெளித்துக் கறுப்புப் பிளாஸ்டிக்கால் மூடி வெயிலில் வைக்கும் முறையும் புழக்கத்தில் உண்டு. மூடிய காருக்குள் அந்த நெடியில் மூச்சு முட்டும் என்பதால் அதை நாங்கள் தொடவில்லை. கோடுகள் ஓடும் திசையிலேயே சூடு, இழுப்பு, ஊறல், விரல் என்று மூன்று சுற்று. நான்கு கதவுக்கு ஆன நேரம் அந்த ஒரு கண்ணாடிக்கு ஆயிற்று. ஐந்து மணிக்கு முடித்தபோது பத்து விரல் நுனியும் வெந்திருந்தன. கோடு ஒன்றுகூட அறவில்லை.

செலவு ஒரு சோப்பு, ஒரு புட்டி, நான்கு பேரின் ஒரு பகல். இதை ஏன் இத்தனை விரிவாக எழுதினோம் என்றால், ‘உரிக்கலாம்தான், ஆனால் கடைக்குப் போக வேண்டும், பணம் ஆகும், கண்ணாடி கெட்டுவிடும்’ என்று தள்ளிப்போடும் நண்பர்களுக்கு அந்தச் சாக்கும் இருக்கக் கூடாது என்பதற்காகத்தான்.

மறு வாரம் அதே தெருவுக்குப் போனோம். வெயில் முன்னைவிடச் சுட்டது, மறுக்கவில்லை. ஓட்டுபவரின் வலக்கை ஒரு மாதத்தில் கறுத்துவிடும். திண்ணையில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பார்த்துவிட்டுத் தம் பேச்சைத் தொடர்ந்தார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை, யாரும் வணங்கவும் இல்லை. ஒரு தெருவுக்குள் நுழையும் காருக்கு இதைவிட நல்ல வரவேற்பு இருக்க முடியாது. ஆயா மட்டும் வாசலிலிருந்து கையைக் கண்ணுக்கு மேல் வைத்துப் பார்த்து, “ஏன் தம்பி, ஒருத்தர் கொறையிறீங்களே?” என்றார். நான்காமவர் காய்ச்சலில் படுத்திருந்தார்.

வலப்பக்கப் பின்கதவின் ரப்பர் இடுக்கில் ஒரு விரற்கடை ஊதா இன்னும் மிஞ்சியிருக்கிறது. அடுத்த ஞாயிறு அதையும் எடுத்துவிடுவோம்.